பள்ளிக்கூடத்து அப்பா

ஈசுவர வருடம், ஆடி 12

இன்றும் பாவாயி பள்ளிக்கூடம் வர மறுத்துவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வீடு வீடாகப் போய் அழைத்து வருகிற வாத்தியார் நான். பெற்ற மகளை வாசல் தாண்ட வைக்க முடியவில்லை.

காலையில் ஆடு மேய்க்கும் நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அவர் பையனும் ஒரு வாரமாக வருவதில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க புள்ளையே வாரதில்லீங்களாமா. எம்பையனை எதுக்குங்க கூப்புடறீங்க?" என்று கேட்டே விட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

ராத்திரி பாவாயிக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது, "ஏஞ்சாமி, பள்ளிக்கோடத்துல உனக்கு என்ன பயம்? அப்பாதான அங்க இருக்கறேன்?" என்று கேட்டேன்.

"அங்க இருக்கறது வேற அப்பாங்க. அவரு யாரையும் சாமின்னு கூப்புடறதில்லீங்க" என்றாள்.

அவளை நான் ஒருநாளும் அடித்ததில்லை. போன வாரம் நாச்சிமுத்துவின் பையனைப் பிரம்பால் அடித்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து இரண்டு பேருமே வரவில்லை. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நாளை மறுபடியும் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அந்தப் பையனையும் அவன் வீட்டில் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.