இரண்டு கேப்டன்கள், ஒரு 'பார்ப்போம்'

11-10-2004, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. குடையை வீணாகச் சுமந்தேன்.

தம்பி செல்வத்தை நேற்று மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. இரண்டாம் மாடி, ஆறு படுக்கை, ஒரு டி.வி. வலது பாதத்தில் கடைசி இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. சர்க்கரை. செருப்புக் கடித்த புண்ணாம், ஒரு மாதமாக. அவன் சொல்லவில்லை. நொண்டுவதைப் பார்த்தும் நான் கேட்கவில்லை.

அறுவை மருத்துவர் சின்னப் பெண். வேகமாகப் பேசுகிறார். திங்கள் பார்வை, புதன், சனி அறுவை, மற்ற நாள்களில் வேறு ஊர்.

"ரெண்டு விரலையும் புதன்கிழமை எடுத்துரலாம். லேட் பண்ணா மேல ஏறும். யாரு முடிவு சொல்லுவீங்க?"

செல்வம் என்னைக் கைகாட்டினான். "எங்கண்ணன். காலேஜ் லைப்ரரியில இருந்தவரு. அவரு சொன்னாச் சரி."

அவன் மனைவி பாக்கியமும் என்னைப் பார்த்தாள். சமயநல்லூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்கள், ஐம்பது வருடமாக.

"பார்ப்போம்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்ற பொருளில்.

மாலை ஐந்து மணிக்கு டி.வி.யில் ஜப்பான் கார்ட்டூன். தமிழில் பேசுகிறது. பள்ளிக்கூடப் பையன்களின் வாலிபால். செல்வம் மில் அணிக்குப் பதினான்கு வருடம் ஆடியவன், கண்ணை எடுக்காமல் பார்க்கிறான். பக்கத்துப் படுக்கை பாயும் சேர்ந்துகொண்டார் (கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை, பித்தப்பையில் கல்). இரண்டு அணி, இரண்டு கேப்டன். பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. சட்டையை வைத்துச் சிவப்பு, வெள்ளை என்று வைத்துக்கொண்டோம். இறுதி ஆட்டமாம், வாரக்கணக்கில் ஓடுகிறதாம்.

பாய்: "என்ன மாப்ள, பந்து மேல போயி அஞ்சு நிமிசமாச்சு, இன்னும் எறங்கல?"

செல்வம்: "அடிக்கிறவன் யோசிக்கிறான் பாய்."

"அதுக்குள்ள நான் அஸர் தொழுதுட்டே வந்துருவேன்."

செல்வம் சிரித்ததில் கட்டில் ஆடியது.

12-10, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

விரல் விஷயமாகக் கேட்க வேண்டியவர்கள் என்று ஒரு சீட்டு எழுதிக்கொண்டேன். கேட்டேன்:

மருந்துக் கடைக்காரர் – எடுத்துவிடுங்கள்.
பழைய விலங்கியல் பேராசிரியர் (போனில்) – எடுப்பதுதான் நல்லது, ஆனால் இன்னொருவரையும் கேளுங்கள்.
கீழ்வீட்டுக்காரர் – கத்தி வைத்தால் ஆறாது.
அவர் மனைவி – அதே.
இஸ்திரி போடுபவர் – "உங்க இஷ்டம் சார்."

இரண்டுக்கு இரண்டு, ஒன்று நடுநிலை. சீட்டு எழுதியதால் ஒன்றும் தெளியவில்லை.

மாலை ஐந்துக்கு மருத்துவமனை. கேப்டன்களைப் பற்றி வீடு வந்ததும் எழுதிவைத்தது (நூலகப் பழக்கம்):

சிவப்பு: யாரையும் கேட்பதில்லை. "பந்தை எனக்குக் கொடு." அடி தப்பினால் முதலில் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பவனும் அவனே. அவன் அணிப் பையன்களுக்கு அவனிடம் பயம். ஆனால் ஆட்டத்தில் பயமில்லை.

வெள்ளை: ஓய்வு கேட்டு ஐந்து பேரையும் வட்டமாக நிறுத்துகிறான். கடைசிப் பொடியனையும் "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்கிறான். தோற்றால் ஆறு பேரின் தோல்வி. நாகரிகமானவன்.

எனக்கு வெள்ளையைப் பிடித்திருக்கிறது. ஏன் என்று யோசித்தேன். என்னைப் போல இருக்கிறான் என்பதால். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

செல்வம் சிவப்புக் கட்சி. "அண்ணே, நீ வெள்ளையா?"

"எல்லாரையும் கலந்து பேசுறானே."

"பேசட்டும். டைம் அவுட் எம்புட்டு நேரம்? முப்பது செகண்டு. விசில் அடிக்கிறதுக்குள்ள இன்னார் அடிக்கணும்னு சொல்லிர்றான்ல? அதனாலதான் அவன் கேப்டன். சும்மா கேட்டுக்கிட்டே நின்னா அவன் சர்வே எடுக்க வந்தவன்."

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "கல்லு குத்துது மாப்ள, விடு." நானும் சிரித்தேன். வார்டிலேயே அவன் முகம்தான் தெளிவாக இருந்தது. வலி குறைந்திருக்கிறது என்று நினைத்தேன்.

விரலைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. நானும்.

வீடு வந்து, படுக்கும் முன் முடிவு செய்தாயிற்று. எடுத்துவிட வேண்டும். காலையில் நேரில் சொல்ல வேண்டும். தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன், நா குழறினால் படிக்கலாம் என்று.

13-10, புதன்

வெயில். பஸ் கிடைக்க அரை மணி. ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அறுவை அறைக் கதவில் பெயர்ப் பட்டியல். நான்கு பெயர்கள். செல்வம் பெயர் இல்லை. இருமுறை படித்தேன்.

பாக்கியம் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்கதான் வேணாம்னுட்டீகளே மச்சான்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"டாக்டரம்மாகிட்டப் பாப்போம்னீகள்ல. திங்கக்கெழமையே நர்சுகிட்டச் சொல்லிப்புட்டேன், பெரியவரு வேணாங்கிறாருன்னு."

"பாப்போம்னா வேணாம்னு அர்த்தமா?"

பாக்கியம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கோபமில்லை. விளங்காத பிள்ளைக்குச் சொல்வது போல: "எம் மகள நர்சு படிக்க வைக்கவான்னு கேட்டேன், பாப்போம்னீக. அவ படிக்கல. மேலூர்ச் சம்பந்தம் பேச வாங்கன்னோம், பாப்போம்னீக. நீங்க வரல. நம்ம வீட்டுல அதுக்கு வேற என்ன அர்த்தம் மச்சான்?"

செல்வம் ஜன்னல் பக்கம் பார்த்திருந்தான். நேற்று அவன் அப்படிச் சிரித்தது வலி குறைந்ததால் அல்ல. விரல் தப்பித்துவிட்டது, அண்ணன் காப்பாற்றிவிட்டான் என்று.

மருத்துவரைப் பார்க்கப் போனேன். பதினொன்றரை. கதவு பாதி திறந்திருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நின்றிருப்பார், பாவம். சாப்பிடும்போது தொந்தரவு செய்யக்கூடாது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அறை பூட்டியிருந்தது. கார் போய்விட்டது.

தாள் இன்னும் சட்டைப்பையில்.

சனிக்கிழமைப் பட்டியலுக்கு நர்சிடம் பெயர் கொடுத்தேன். "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல சார்" என்றார்.

14-10, வியாழன்

மழை, பலமாக.

காய்ச்சல் 103. பாதம் முழுக்கக் கறுத்து, கணுக்கால் வரை வீக்கம். வாடை. பாய் முகத்தைத் திருப்பாமல் இருந்தார், பெரிய மனது. டியூட்டி டாக்டர் ஊசியை மாற்றினார். அறுவை மருத்துவரிடம் போனில் பேசினாராம். நாளைக் காலை வருகிறாராம்.

ஐந்து மணிக்கு யாரும் டி.வி. போடவில்லை.

செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் திருத்தம். வெள்ளை என்னைப் போன்றவன் என்று எழுதியது தவறு. சிவப்பும் வெள்ளையும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஒருவன் கேளாமல் செய்கிறான், ஒருவன் கேட்டுச் செய்கிறான். நான் அந்த ஆட்டத்தில் யார் என்று தேடினேன். அப்படி ஓர் ஆள் அதில் இல்லை. பந்து தலைக்கு மேல் நிற்கும் என்று நம்பியவன்.

15-10, வெள்ளி

வானிலை கவனிக்கவில்லை.

மருத்துவர் படிவத்தை நீட்டினார். "முட்டிக்கு மேல எடுக்கணும். இல்லேன்னா உயிருக்கு…"

"சரி" என்றேன்.

"முழுசாக் கேட்டுக்கங்க சார். படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அவசரமில்ல, ரெண்டு நிமிஷம் இருக்கு."

படித்தேன். எந்த வரியும் ஏறவில்லை. போட்டேன். செல்வத்துக்குக் காய்ச்சலில் நினைவு தப்பித் தப்பி வந்தது. ஸ்ட்ரெச்சரில் போகையில் பாக்கியத்தைப் பார்த்து, "அண்ணன் என்ன சொன்னாரு?" என்றான். பாக்கியம் என் பக்கம் திரும்பவில்லை. "சரின்னுட்டாரு" என்றாள்.

மூன்று மணி நேரம். வெளியே பெஞ்சில் நானும் அவளும். இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம்.

16-10, சனி

நினைவு வந்துவிட்டது. காய்ச்சல் 100. இடுப்புக்குக் கீழே போர்வை. குனிந்து பார்க்க அவனால் முடியவில்லை, அல்லது மனம் வரவில்லை.

"எம்புட்டுண்ணே எடுத்தாக?"

பாக்கியம் செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். செம்பில் தண்ணீர் இருந்தது.

உதடு தானாக 'பா'வுக்குக் கூடியது. நிறுத்தினேன்.

"முட்டிக்கு மேல, செல்வம். திங்கக்கெழம நான் சரின்னிருந்தா ரெண்டு வெரலோட போயிருக்கும்."

மின்விசிறியைப் பார்த்தான்.

"தாவுற காலுண்ணே அது" என்றான். திட்டியிருக்கலாம்.

18-10, திங்கள்

மூட்டம். குடை எடுக்கவில்லை. நனைந்தேன்.

கட்டுப் பிரித்துக் கட்டினார்கள். நான் வெளியே நிற்கவில்லை, கூட இருந்தேன். செல்வம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பாய்க்கு நாளை வீடு. மணி ஐந்து. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவன் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். "போடவா சார்? வேணாமா?"

"வேணாம் பாய்" என்றேன். உடனே சொன்னேன்.

"போடுங்க பாய்" என்றான் செல்வம், சுவரைப் பார்த்தபடியே.