இரண்டு வீட்டாரும் வந்து சொன்னால்தான்

ஜூன் 9, திங்கள்

காலையில் மண்டபக் கந்தோரைத் திறந்ததும் முதல் தொலைபேசி. "பிள்ளை, எங்கட மருமோன்ர கலியாணம் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கு." எந்தத் திகதிக்கு என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு செருமல். விளங்கிவிட்டது. திகதியில்லாமல் தள்ளிப்போன கலியாணம் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

மன்னாரில் கலியாண மண்டபத்துப் பதிவுகளைப் பார்க்கிறவளுக்கு இந்தச் சொற்கள் அத்துப்படி. கேக் செய்கிறவருக்கும் படம் எடுக்கிறவருக்கும் சொல்வது 'கான்சல்'. ஊருக்குச் சொல்வது 'குழம்பிட்டுது'. யாரும் குழப்பவில்லை, தானாகவே குழம்பிவிட்டது. 'இரத்து' என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அது ரயிலுக்கும் கோட்டு வழக்குக்கும் உரியது.

அவரிடம் எங்கள் சட்டத்தைச் சொன்னேன்: பொம்பிளை வீடு, மாப்பிள்ளை வீடு, இரண்டும் நேரில் வந்து சொன்னால்தான் திகதியை அழிப்போம். சட்டம் போட்டவள் நான்தான். போன வருடம் ஒரு பெரியப்பா பலகாரச் சண்டையில் கோபித்துக்கொண்டு, தானே தொலைபேசி எடுத்து "நிப்பாட்டியாச்சு" என்றார். நானும் அழித்துவிட்டேன். பிறகு பொம்பிளையும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு மணவறைச் சோடனை பார்க்க வந்து நிற்கிறார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை.

ஜூன் 12, வியாழன்

குசினிப் பொறுப்பு நசீறா ராத்தா பெருநாள் வட்டிலப்பத்தில் மிச்சம் கொண்டுவந்தார். தின்றுகொண்டே, நின்றுபோன கலியாணத்துக்கான சொற்கள் பற்றிய என் ஆராய்ச்சியைச் சொன்னேன். "எங்கட ஆக்கள் 'நஸீபு இல்ல' எண்டுட்டுப் போயிருவாங்க. பழி யாருக்கும் இல்ல" என்றார். விதி இல்லையாம். நல்ல சொல்தான்.

"உண்ட கலியாணத்துக்கு என்ன சமைக்கிற?" என்று கேட்டார். எனக்கு ஆவணியில். அகிலன் நறுவிலிக்குளத்தில் உழவு மெசின் திருத்துகிறவர். அதிகம் பேசமாட்டார். எங்கள் மண்டபத்தில்தான் வைப்போம் என்று நான் எப்போதோ முடிவெடுத்தாயிற்று. அகிலனிடம் கேட்டேனா? கேட்க என்ன இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வவுனியாவில் மண்டபம் எடுத்தாச்சாம்!

அகிலன் வந்து சொல்கிறார், ஏதோ தேங்காய் வாங்கிவந்த மாதிரி. அவருடைய சிவராணி பெரியம்மா அங்கே இருக்கிறா, அவதான் பார்த்தவ. ஊரில் உள்ள எல்லாருடைய கலியாணத்தையும் நான் நடத்தலாம், என்ர கலியாணத்துக்கு என்ர மண்டபம் ஆகாதோ? என்னை ஒரு சொல் கேக்கேல்லையே. அவர் "அதில்லை, நான் என்ன சொல்ல வந்தனானெண்டால்" என்று தொடங்கினார். நான் விடவில்லை. "அப்ப கலியாணமே வேண்டாம், கான்சல்" என்றேன்.

கேக்குக்குச் சொல்கிற சொல்லை ஒரு மனிதருக்குச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

மன்னார்த் தெருவெல்லாம் திரிகிற கழுதைகளில் ஒன்று வாசலில் நின்றது, துரத்தினேன். அது மட்டும்தான் இன்றைக்கு என்னோடு வாய் காட்டியது.

ஜூன் 19, வியாழன்

பெரியமடுவிலிருந்து அம்மா தொலைபேசி எடுத்தா. "ஊரில கேக்கினம். குழம்பிட்டுதெண்டு சொல்லட்டோ?" இத்தனை நாள் மற்றவர்கள் சொல்லக் கேட்டுச் சிரித்த சொல். "ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றேன்.

அப்பா தொலைபேசியை வாங்கி ஒரே ஒரு வசனம் சொன்னார்: "நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ளேலாது, பிள்ளை." வயல்காரருக்கு நெல் இல்லாமல் ஒன்றும் சொல்ல வராது.

எனக்கு அகிலன் வேண்டும். இதை இங்கே எழுதுகிறேன், அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. தேர்தலில் நிற்கிறவர்களுக்கு 'வாபஸ்' இருக்கிறது. கந்தோர்க் கடிதத்தில் 'மீளப்பெறுதல்' இருக்கிறது. கோபத்தில் கத்தின ஒருத்திக்கு என்ன இருக்கிறது?

ஜூன் 22, ஞாயிறு

நசீறா ராத்தா கேட்டார்: "நீ கான்சல் எண்டாய். அவர் என்ன சொன்னவர்?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "அப்ப அரைவாசிதானே ஆகியிருக்கு" என்றுவிட்டு வெங்காயம் வெட்டப் போனார்.

ஜூன் 24, செவ்வாய்

பதினொரு மணியளவில் கந்தோர்த் தொலைபேசி.

"ஒரு கலியாணத்தைக் கான்சல் பண்ண வேணுமாம். பொம்பிளை சொல்லுறா."

அகிலனின் குரல். பதிவுப் புத்தகத்தை இழுத்தேன். வாய் பழக்கத்தில் சொன்னது: "ரெண்டு வீடும் நேரில வர வேணும்."

"ஓம், அந்தச் சட்டம் தெரியும். அதுதான் எடுத்தனான். மாப்பிள்ளை வீடு வராது."

பிறகு அவர் முழு வாழ்க்கைக்கும் சேர்த்துப் பேசினார். "உம்மட மண்டபத்தில வைச்சால் நீர் தாலி கட்டேக்கையும் கதிரை எண்ணிக்கொண்டு நிப்பீர். ஒரு நாளாவது சும்மா இருக்கட்டுமெண்டுதான் பெரியம்மாட்டைச் சொன்னனான்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தனான். நீர் விட்டால்தானே." பிறகு, "அப்ப அண்டைக்குச் சொன்னது?" என்றார்.

"அது சும்மா சொன்னனான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. இவ்வளவு நாள் தேடின சொல் இதுதான். எந்தக் கடிதத்திலும் இதை எழுத முடியாது, ஆனால் சொன்னதை அழிக்க இதைவிட வேறு சொல் எங்களிடம் இல்லை.

பிறகு எங்கே வைப்பது என்று ஒரு மணித்தியாலம் வாதாடினோம். நான் வென்றேன். கதிரைப் பக்கம் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான்.

ஜூன் 28, சனி

வவுனியா மண்டபம் வேண்டாமென்று சொல்லப் போனோம், இருவருமாக, மோட்டார் சைக்கிளில். அங்கே இருந்தவர் "இதுக்கு ரெண்டு பேரோ? ஒரு போன் கோல் எடுத்திருந்தாலே அழிச்சிருப்பம்" என்றார். அது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு விளக்கினேன். அகிலன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சிவராணி பெரியம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. அவ அலைந்து பார்த்த மண்டபம், கோபம் வராமல் என்ன? மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் முறை சோறு போடும்போது "இனி ஒண்டையும் நிப்பாட்டாதை, பிள்ளை" என்றா.

செப்டெம்பர் 5, வெள்ளி

நேற்று எங்கள் மண்டபத்தில் கலியாணம் முடிந்தது. வாசலில் கழுதை கூட வரவில்லை, அவ்வளவு ஒழுங்கு. நசீறா ராத்தா குசினியையும் பார்த்து, கதிரையையும் பார்த்து, இடையிடையே என்னையும் முறைத்துப் பார்த்துக்கொண்டார்.

தாலி ஏறியது. மேளம் அடித்தது. அம்மா அழுதா. நான் நிமிர்ந்து பார்த்தேன், மூன்றாம் வரிசையில் சிவராணி பெரியம்மாவின் கதிரைக்கு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

எழும்பப் பார்த்தேன். அகிலன் என் கையை விடவில்லை.

"வாக்கு," என்றார் மெதுவாக.

"சும்மா சொன்னனான்," என்றேன்.

"அதுக்கு ரெண்டு பேரும் வந்து சொல்ல வேணும்," என்றார்.

இருந்துவிட்டேன்.