கை பட்டால் நான்கு

மார்ச் 4, செவ்வாய்

பக்கவாதம் வந்த தையல்காரம்மாவை ஏழு வாரம் தூக்கி நிறுத்தி நடக்க வைத்தவன் நான். கடைசி வாரம் மட்டும் வந்து கையெழுத்துப் போட்டவர் எங்கள் சீனியர் பிசியோதெரபிஸ்ட். இன்று ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அந்த அம்மா எவ்வளவு தேறினார் என்ற மதிப்பெண்களைத் திரையில் காட்டி, "என் பேஷன்ட்" என்றார். விருதும் அவருக்கே. நானும் கை தட்டித் தொலைத்தேன். இனி அந்த ஆளுக்கு இந்த நோட்டில் விருதுநாயகம் என்று பெயர்.

மார்ச் 6

விட மாட்டேன்.

மார்ச் 12, புதன்

புது விதி. சிகிச்சை தருகிறவரே மதிப்பெண் போடக் கூடாதாம். விருதுநாயகத்தின் நோயாளிகளுக்கு இனி நான் போட வேண்டும். கேட்காமலே கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 19, புதன்

விருதுநாயகத்தின் நோயாளி, ஒரு பஸ் டிரைவர். பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்து, தேறி வருகிறார். கழிப்பறைக்கு யார் துணையும் இல்லாமல் போய் வந்தால் ஆறு. பக்கத்தில் ஆள் நின்றால் ஐந்து. கை பட்டால் நான்கு.

அவர் தானாகவே போயிருப்பார். எனக்குத் தெரியும். இடுப்புப் பட்டையில் இரண்டு விரல் வைத்தேன்.

"கைய எடுங்க சார், நானே போறேன்."

"விழுந்துடக் கூடாதுல்ல" என்றேன். உட்காரும்போது "ரிவர்ஸ் வருது, ஓரமா நில்லுங்க" என்று சிரித்தார். நான்கு போட்டேன். பாதுகாப்புக்குப் பிடித்தேன் என்றால் எவன் கேள்வி கேட்பான்?

மார்ச் 27, வியாழன்

கூட்டத்தில் அந்த நான்கைப் பார்த்ததும் விருதுநாயகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "அதுக்கு முந்தின நாளே என் கண்ணு முன்னாடி தனியா போயிட்டு வந்தாரே?"

"நான் பாத்ததத்தானே சார் போட முடியும்?"

ஆகா. எத்தனை நாள் காத்திருந்தேன்.

வெளியே டிரைவரின் மகள் நின்றிருந்தாள். துணிக்கடையில் வேலை, காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். "ஆறு வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னாங்க. நாலுன்னா பகல்ல யாரு பாத்துப்பா? நெசமாவே நாலுதானா சார்?"

ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 2

டிரைவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். மாத மதிப்பெண் பட்டியலில் விருதுநாயகம் கடைசி. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3

வீட்டில் விழுந்திருந்தால்? அப்போ யாரு பதில் சொல்றது? நான் செஞ்சதுல என்ன தப்பு — இதை யாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 3, வியாழன்

மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும் என்பது விதி. இல்லத்துக்குப் போனேன். கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. கூப்பிட்டால் வர ஆளில்லை என்று சேர்ந்த அன்றே டயப்பர் கட்டிவிட்டார்களாம். அதன் பிறகு அவரை யாரும் நடக்க விடவில்லை. இரண்டு பேர் பிடித்தும் முழங்கால் நிமிரவில்லை. ஒன்று போட்டேன். அதற்குக் கீழே எண் கிடையாது.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்கு உங்க மேல கோவம் சார். நான்தான் சொன்னேன், அந்த சார் ஒருத்தர்தாம்மா ஒளிக்காம மார்க் போட்டாரு, வீட்டுக்குப் போயி விழாம காப்பாத்துனாருன்னு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.