அம்மா பார்க்காத அந்தியூர்

14 ஜூலை, ஞாயிறு

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பியவர்களுக்காகக் கோயம்புத்தூரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அம்மா, தம்பி, நான் மூவரும் போனோம். அங்கே கொடுப்பதற்காகத் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டை அம்மா மஞ்சள் பையில் எடுத்து வந்தாள். தாத்தா படத்தைச் சுவரில் மாட்டுவார்கள் என்று ஒரு வாரமாக அதே பேச்சு.

உள்ளே நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் சூப்பர்வைசர் அக்கா, தன் மகளோடு நின்றிருந்தார்.

"அட, நீயா கண்ணு! புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பார்த்துட்டு வரச் சொன்னாங்க. உங்களுக்குச் சிலோனா?"

பள்ளிக்கூடத்தில் என்னை 'அகதி' என்று கூப்பிட்டது போதும் என்றுதான், வேலைக்குச் சேர்ந்தபோது ஊர் அந்தியூர் என்று சொல்லியிருந்தேன். இன்றும் வாய் அதையே சொன்னது.

"இல்லீங்கக்கா, சும்மா பார்க்க வந்தமுங்க. எங்களுக்கு அந்தியூருங்க."

அக்கா அம்மாவிடம் திரும்பினார். "அந்தியூர்ல எங்கீங்க?"

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். கையில் எடுத்திருந்த பாஸ்போர்ட்டைப் பைக்குள் தள்ளினாள்.

"சந்தைக்குப் பக்கத்துலங்க."

அம்மா அந்தியூரைப் பார்த்ததே இல்லை.

பஸ்ஸில் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்தியூர்ல என்ன கோயில் இருக்கு புள்ள? அந்த அக்கா மறுபடி கேட்டா நான் சரியாச் சொல்லணும்ல."

எனக்கும் தெரியவில்லை.