ஐந்தாம் புள்ளித் தண்ணீர்

மார்ச் 4, புதன்

திட்டு வாங்கினேன். மீனைத் தேடி ஆற்றுக்கு அனுப்பினால் நான் என்னையே பிடித்துக்கொண்டு வருகிறேனாம். மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். லேப் தலைவி என்பதால் பதில் பேசாமல் நின்றேன். பொய் — பேசினேன். அதனால்தான் இன்னும் பத்து நிமிடம் நீண்டது.

விஷயம் இதுதான். மீன் நீந்தும்போது செதில், வழவழப்பு, கழிவு என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே போகும். ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, வடிதாளில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.வை வாசித்தால் ஆற்றில் எந்தெந்த மீன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம். மனிதர்களுடையதும் கூடவே வரும். அதை நாங்கள் பார்க்கக் கூடாது என்பது விதி. கம்ப்யூட்டர் தனியே ஒதுக்கி வைக்கும், பிறகு அழித்துவிடுவோம். ஒரே விதிவிலக்கு லேப் ஆட்கள். பதினொரு பேருடைய எச்சிலையும் வாங்கி அடையாளம் எடுத்து வைத்திருக்கிறார்கள், யார் கை அசுத்தம் என்று கண்டுபிடிக்க.

கண்டுபிடித்துவிட்டார்கள். என் கை.

ஆறு புள்ளிகளில் தண்ணீர் எடுக்கிறேன். ஆறாவது மலைப்பக்கம், முதலாவது கீழே அணைக்கட்டில். ஐந்தில் நான் கொட்டிக் கிடக்கிறேன். நான்கில் கொஞ்சம் குறைவு. மூன்று, இரண்டு, ஒன்று என்று தேய்ந்துகொண்டே போகிறேன். ஆறில் நான் இல்லவே இல்லை.

கை அசுத்தம் என்றால் ஆற்றோட்டத்துக்கு ஏற்ப எப்படித் தேயும்? கேட்டேன்.

"முதல்ல கையுறையை ஒழுங்கா மாத்து. ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்."

மார்ச் 6, வெள்ளி

பக்கத்து மேசைக்காரி — முகத்தைவிடக் கண்ணாடி பெரிது, அதனால் பெயரும் கண்ணாடி — இன்று காலையிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். "நீ ஆத்துல கரைஞ்சுக்கிட்டு இருக்கேன்னு நினைக்கிறேன். பாத்துப்பா, மாசக் கடைசிக்குள்ள தீர்ந்துடப் போற."

சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

இரண்டு ஜோடி கையுறை. முகமூடி. தலைக்கு உறை. பாட்டிலை நான் தொடவில்லை, இடுக்கிதான் தொட்டது. ஐந்தாம் புள்ளியில் சுத்த நீர் நிரம்பிய பாட்டில் ஒன்றையும் ஒரு நிமிடம் திறந்து வைத்து மூடினேன். என்னிடமிருந்து ஏதாவது விழுகிறது என்றால் அதிலும் விழுந்திருக்கும்.

படகில் ஏறும்போது படகுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மேல பம்ப் ஹவுஸ் கிட்ட நின்னுட்டு இருந்தீங்க. எனக்கு முன்னாடி எப்படி சார் இங்க வந்தீங்க?"

"நான் இப்பத்தான் வீட்லேர்ந்து வரேன்."

"இல்ல சார், முதுகு உங்க முதுகுதான்."

முதுகில் என்ன பெயரா எழுதியிருக்கிறது? வெயில் ஏறுவதற்குள் ஆறாம் புள்ளிக்குப் போக வேண்டும். எடுங்க படகை என்றேன்.

மார்ச் 12, வியாழன்

சுத்த நீர் பாட்டில் சுத்தம். ஒரு துளி நான்கூட இல்லை.

ஐந்து — நான். முன்பைவிட அதிகம்.

கையுறை மீது பழிபோட முடியாது. இடுக்கி மீது முடியாது. அப்படியானால் நான் போவதற்கு முன்பே அங்கே போய் இறங்கியிருக்கிறேன். இதை எழுதும்போதே அபத்தமாக இருக்கிறது. ஆனால் எண்கள் அதைத்தான் சொல்கின்றன, எண்களோடு சண்டை போட்டு எனக்குப் பழக்கமில்லை.

மார்ச் 16, திங்கள்

நூற்றிரண்டு காய்ச்சல். கண்ணாடி எனக்குப் பதிலாக ஆற்றுக்குப் போனாள்.

மார்ச் 19, வியாழன்

மதியம் கண்ணாடி போன் செய்தாள். கிண்டல் இல்லை.

"திங்கக்கிழமை நீ வீட்லதானே இருந்த?"

"படுத்திருந்தேன்."

"எழுந்து எங்கயும் போகலியே? நிஜமா சொல்லு."

"கக்கூஸுக்குப் போனேன், போதுமா?"

"பாட்டில் புதுசு. பெட்டி என்னோடது. நீ எதையும் தொடல. ஆனா ஐஞ்சுல நீ இருக்க."

போனை வைத்த பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காய்ச்சல் விட்ட தோல் விரல் நுனியில் உரிந்திருந்தது. அதை எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். அண்ணனைப் பற்றித்தான். எட்டு மாதமாக அதே பேச்சு.

"ஆத்துல மீனைத் தேட நேரமிருக்கு. ஒரே வயித்துல பொறந்தவனைத் தேட உனக்கு நேரமில்ல."

வழக்கமாகக் கதவைச் சாத்துவேன். இன்று கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரே வயிறு.

கம்ப்யூட்டர் எங்களைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அடையாளம் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அவள் வயிற்றில் பிறந்த எல்லாருக்கும் அதே முத்திரை. எனக்கும் அண்ணனுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கல்லூரியில் முதல் வருடப் பாடம்! பதினெட்டு நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன், முதல் வருடப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? யோசித்துப் பார்த்ததில் கண்ணாடி வந்தாள், படகுக்காரர் வந்தார், பேய்கூட வந்தது. அவன் மட்டும் வரவில்லை. அவ்வளவு சுத்தமாக அவனைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

எழுதிவிடுகிறேன். அப்பா நாற்பத்தொரு வயதில் மாடிப்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இதயத் தசை. பரம்பரையாக வரும் வகை. போன வருடம் லேபிலிருந்து மூன்று குழாய் கொண்டுவந்து மூன்று பேரையும் துப்பச் சொன்னேன். எனக்கு இல்லை. அம்மாவுக்கு இல்லை. அண்ணனுக்கு இருந்தது. முந்நூறு கோடி எழுத்தில் ஒன்று மாறியிருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் இருந்தாள். நான் பொறுக்கவில்லை. பொறுக்க என்ன இருக்கிறது, உண்மைதானே என்று நினைத்தேன். "உனக்கு இருக்குடா அண்ணா. எப்ப வேணா நிக்கலாம். பொறக்கற பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு." உப்பை நகர்த்து என்பது போலச் சொன்னேன். அவள் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அண்ணன் தட்டில் இருந்ததை முழுதும் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். காலையில் இல்லை. போன் அணைந்திருந்தது, அன்றிலிருந்து அணைந்தே இருக்கிறது.

ஐந்தாம் புள்ளிக்கும் ஆறாம் புள்ளிக்கும் நடுவில் எங்கேயோ தண்ணீரில் இருப்பது அவன்தான். எந்த நிலையில் இருக்கிறான் என்பது —

மார்ச் 23, திங்கள்

இந்த ஊர்க் குழாய்க்கு வரும் தண்ணீரை ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் எடுக்கிறார்கள். அம்மா ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. வீணாகப் போவானேன் என்று அவளே குடித்தாள்.

மார்ச் 25, புதன்

விதியை மீறினேன். முத்திரை அண்ணனுக்கும் எனக்கும் ஒன்று. இரண்டு பேரையும் பிரிக்க என் கையில் இருப்பது அப்பா வழியில் அவனுக்கு வந்த அந்த ஒரு எழுத்து. ஐந்தாம் புள்ளியில் எடுத்து உறையவைத்த தண்ணீரில் அந்த எழுத்தை மட்டும் தேடினேன்.

இருந்தது.

திரையில் கோடு மெல்ல மேலே ஏறியது. சாப்பாட்டு மேசையில் நான் அறிவித்த அதே கோளாறு, ஆற்றில்.

கண்ணாடி தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"போலீஸ்ல சொல்லேன்."

"என்னன்னு? எங்க அண்ணன் ஒரு லிட்டர் கிடைச்சிருக்கான்னா?"

அவள் சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கறவங்களும் உதிர்ப்பாங்க" என்றாள். "செத்தவங்களும்" என்றேன்.

ஆற்றைப் பார்க்கத் தைரியமில்லை. படகுக்காரரிடம் பாட்டில்கள் கொடுத்து, நாளையிலிருந்து தினமும் காலையில் ஐந்தாம் புள்ளியில் ஒன்று நிரப்பி ஐஸில் வைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

தண்ணீரில் கிடக்கும் உடல் எத்தனை மாதம் உதிர்க்கும் என்று படித்தேன். பாதியில் மூடிவிட்டேன்.

அம்மா அண்ணனுடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். யாரும் போடாத சட்டைகள். காற்றில் தோள் தூக்கித் தூக்கி நின்றன. குழாய்த் தண்ணீரில்தான் துவைத்திருப்பாள்.

ஏப்ரல் 4, சனி

ஒன்பது நாள், ஒன்பது பாட்டில். ஏழில் அண்ணன். இரண்டில் இல்லை — அவனுக்குப் பதில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர்.

அந்த இரண்டும் எந்தக் கிழமை? மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டும் வியாழன்.

செத்தவன் வாரத்துக்கு ஒரு நாள் லீவு எடுக்க மாட்டான்.

செத்தவனுக்குப் பதிலாள் வர மாட்டான்.

நடுவில் இருப்பது பம்ப் ஹவுஸ் ஒன்றுதான். படகுக்காரர் வாயைத் திறந்து சொன்னார், ஒரு மாதம் முன்பு! ஒரே ஒரு கேள்வி, யார் அது என்று நான் கேட்டிருந்தால் — கேட்கவில்லை. வெயில் ஏறிவிடுமாம்.

ஏப்ரல் 6, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும்.

படகைப் பம்ப் ஹவுஸ் கரையில் நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் உள்ளே போகும் வாயில் பெரிய கம்பிச் சல்லடை. அதில் சிக்கிய பாசியை ஒருவன் முழங்கால் ஆழத்தில் நின்று வாரியால் இழுத்துக்கொண்டிருந்தான். என் முதுகை நான் முதல்முறையாகப் பார்த்தேன். கழுத்து சாய்வது, இடது தோள் இறங்கியிருப்பது, எல்லாம். அது திரும்பினால் என் முகம் இருக்குமோ என்று ஒரு கணம் பயந்தேன். நிஜமாகப் பயந்தேன்.

திரும்பவில்லை. பேசியது.

"எட்டு தடவை இந்தப் பக்கமா போயாச்சு. இன்னிக்குத்தான் கரை தெரிஞ்சுதா?"

"அண்ணா."

"ஒவ்வொரு தடவையும் பாப்பேன். இப்ப தலை தூக்குவான், இப்ப தூக்குவான்னு. நீ பாட்டிலை விட்டுக் கண்ணை எடுத்தாத்தானே."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டா என்ன சொல்லுவ? நூத்துக்கு எத்தனைன்னு சொல்லுவ."

கரையேறி உட்கார்ந்தான். இளைத்திருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறானாம். ஆழத்தில் இறங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வியாழன் லீவு. கீழே ஆஸ்பத்திரிக்குப் போவான்.

"வாராவாரமா வரச் சொல்றாங்க?"

"இல்லடா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும். நான் சும்மா போய் உக்காந்துட்டு வருவேன். அங்க வரவங்க எல்லாம் என்னை மாதிரிதான். யாரும் யாரையும் பாவமாப் பாக்க மாட்டாங்க."

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டான். சொன்னேன். மாற்றி மாற்றித் தண்ணீரையும் என்னையும் பார்த்தான். காலைத் தண்ணீரிலிருந்து மெதுவாக எடுத்து, துண்டால் விரலிடுக்கு வரை துடைத்தான்.

"துப்புன்னு சொன்ன, துப்பினேன். என்ன பாக்கப்போறன்னு சொன்னியா? இப்ப இதுவும். ரெண்டு தடவை படிச்சுட்ட. ரெண்டு தடவையும் என்னைக் கேக்கல."

உண்மையைத்தானே சொன்னேன் என்று எட்டு மாதமாக நாக்கில் வைத்திருந்தது வரவில்லை. "தப்புதான்" என்றேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"உன் சட்டையைத் துவைக்கிறாங்க."

வாரியை எடுத்துக்கொண்டான். "காலைல மோட்டார் போடும்போது நினைச்சுக்குவேன், இது வீட்டுக்குத்தான் போகுதுன்னு. நீ எதையும் போய்ச் சொல்லாதே. நானே சொல்லிக்கறேன். உன்னால நாக்கைக் கட்ட முடியுமா?"

"முடியும்."

"பாக்கறேன்."

ஏப்ரல் 7, செவ்வாய்

அண்ணனுடைய டி.என்.ஏ. கோப்பை அழித்தேன், பிரதிகளையும். மேடத்திடம் போய், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டேன் என்றேன். யாருடையது என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை முதல்முறையாகச் சொல்கிறேன். மூன்று மாதம் ஆற்றுப் பக்கம் போகக் கூடாதாம், ஐந்தாம் புள்ளி அசுத்தம் என் பெயரிலேயே பதிவாகுமாம். ஆகட்டும்.

ஏப்ரல் 8, புதன்

சமையலறையில் அம்மாவின் போன் அடித்தது. "யாரு?" என்றாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று அவனுக்கு மூன்று மாதப் பரிசோதனை. அவன் கூப்பிட்டான், போனேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் நீளமான பெஞ்ச், ஏழெட்டுப் பேர். "என் தம்பி. கொஞ்சம் அவசரக்காரன்" என்றான். ஒரு பெரியவர் இடம் விட்டார். யாரும் எதையும் விசாரிக்கவில்லை. வரிசையாக உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் மூச்சு ஒரே தாளத்தில் போய் வருவது போல இருந்தது. என்னுடையது மட்டும் சேரவில்லை.

அண்ணன் கை கழுவப் போன நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தாள். அண்ணன் என்று நினைத்து நேராக என்னிடம் வந்தாள். "இந்தாங்க, உங்க ரிப்போர்ட்."

பிரித்த தாள். முதல் வரியில் பெயர், அதற்குக் கீழே எண்கள். எண்களைப் படிக்க எனக்கு அரை நொடி போதும்.

படிக்காமல் மடித்தேன். மடித்ததைத் தொடையில் கவிழ்த்து, மேலே கையை வைத்துக்கொண்டேன். அவன் வந்ததும் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் போட்டான்.

"டீ குடிக்கலாமா?"

"குடிக்கலாம்" என்றேன்.