கிரீஸ் ஒழுகாத வண்டி

என் பிரியமுள்ள மதினிக்கு,

உங்கள் டிராக்டரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

நீங்கள் போன இரண்டாம் மாதம் மகளிர் குழு கூடியது. ஓட்ட ஆளில்லாத குழு வண்டியை வெளியாள் கையில் கொடுத்துவிடலாம் என்று பாதிப் பேர் பேசினார்கள். நான் உங்களோடு ஆறு வருடம் சுமை ஏற்றி இறக்கியவள். லைசென்சும் எடுத்திருந்தேன். ஆனாலும் எழுந்து நின்று "நான் ஓட்டுறேன்" என்று சொல்ல எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. இந்த ஊரில் டிராக்டர் ஓட்டிய முதல் பெண் என்று உங்கள் அடக்கத் திருப்பலியில் சாமியார் சொன்னபோது, அழுதுகொண்டிருந்த என் அண்ணன் தலை நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்தவள் எப்படிச் சும்மா இருப்பேன்?

ஆனால் ஒரு தப்பும் செய்தேன் மதினி. அதை உங்களிடம் மறைக்க முடியாது.

சுருளிப்பட்டி முத்தையா அண்ணன் தோட்டத்தில் பன்னீர் திராட்சை வெட்டு. முதல் நாள் சாயங்காலம் டிரைலர் அச்சுக்குக் கிரீஸ் அடித்துவிட்டு, கிரீஸ் கன்னை அப்படியே டிரைலர் மூலையில் போட்டிருந்தேன். மறுநாள் அதன்மேலேயே பெட்டிகளை அடுக்கியாகிவிட்டது. வெயிலில் கம்பம் மார்க்கெட்டுக்குப் போய் இறக்கினால், அடி வரிசையில் ஏழெட்டுப் பெட்டிகளில் எண்ணெய் ஊறிக் காகிதமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது.

முத்தையா அண்ணன் ஒரு கொத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "பச்சப்புள்ள திங்கிற பழம்மா இது" என்றார்.

அப்போது என் வாயில் வந்ததைக் கேளுங்கள். "அது மதினி வச்சிருந்த பழைய கன்னுண்ணே. அவுக இருந்தப்பவே ஒழுகும்" என்றேன்.

அவர் கொத்தைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தார். "அந்தப் பிள்ள வண்டியில நாலு வருசம் ஏத்திருக்கேன். ஒரு சொட்டுப் பட்டதில்லையே" என்றார். அடுத்த வெட்டுக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் அண்ணனிடம் சொன்னேன், அந்தப் பொய்யை மட்டும் விட்டுவிட்டு. அண்ணன் கன்னைக் கையில் வாங்கி, பின்பக்கம் இருக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

"வேல முடிஞ்சா அவ இந்தக் கம்பியப் பின்னால இழுத்து மாட்டிருவா. வாயத் துடைச்சு, மூடி போட்டு, தகரப் பெட்டிக்குள்ள படுக்க வச்சு நெழல்லதான் வைப்பா. நீ கூடவேதான இருந்த, பாக்கலையா செலினு?"

நான் பார்க்கவில்லை மதினி. வேலை முடிந்ததும் கைகால் கழுவ வாய்க்காலுக்கு ஓடிவிடுவேன். நீங்கள் மட்டும் பின்னால் வருவீர்கள். அந்த ஐந்து நிமிடம் என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாளாவது கேட்டேனா?

உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கிரீஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கம்பியை இழுத்து மாட்டினால்தான் அந்த அழுத்தம் நிற்கும் என்று அண்ணன் காட்டினார். வெயில் பட்டால் கிரீஸிலிருந்து எண்ணெய் தனியே பிரிந்து கிடைத்த சந்து வழியாகக் கசியும். நான் போட்டு வைத்திருந்த லட்சணத்தில் உள்ளே இருந்த ரப்பர் வாஷரும் வெடித்துப்போயிருந்தது. பல வருடம் உங்கள் கையில் நன்றாக இருந்ததை நான் சில மாதத்தில் கெடுத்திருக்கிறேன்.

தேனிக்குப் போய்ப் புதிது வாங்கினேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்து, யாருக்கு என்று கேட்டார். "என் வண்டிக்குத்தாண்ணே" என்றேன். கம்பியை இழுத்து மாட்டினேன், நிற்காமல் வழுக்கியது. வேண்டாம் என்றேன். இன்னொன்றின் தலையைக் கழற்றினால் திருகு மரை சரியில்லை. மூன்றாவது, கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் பிடிப்பில்லாமல் ஆடியது. பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். நான் நகரவில்லை. நாலாவதை வாஷர் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

கிரீஸ் நிரப்பி, நீங்கள் செய்தபடியே கம்பியை மாட்டி, துடைத்து, ஷெட்டில் வெள்ளைத் தாளின்மேல் மூன்று நாள் படுக்க வைத்தேன். தாளில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. நேரே முத்தையா அண்ணன் தோட்டத்துக்குப் போனேன்.

அவர் பந்தலில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். தப்பு மதினிது இல்ல. அவுக ஒழுங்காத்தான் வச்சிருந்தாக. நாந்தான் கெடுத்துட்டேன்" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. கட்டுவதைக் கட்டி முடித்துவிட்டு, இப்போது அந்தக் கன்னை எங்கே வைக்கிறாய் என்று மட்டும் கேட்டார். கொண்டுபோயிருந்த தகரப் பெட்டியைத் திறந்து காட்டினேன். கன்னின் வாயில் விரலைத் தேய்த்து, அந்த விரலை வெள்ளை வேட்டியில் துடைத்துப் பார்த்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துரு தாயி" என்றார்.

இந்தப் பருவம் அவர் தோட்டத்துப் பழம் முழுவதும் நம் வண்டியில்தான் போனது மதினி. வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றவர்களில் இரண்டு பேர் இப்போது என்னிடம் ஓட்டப் பழகுகிறார்கள். கூடலூர் டிரைவர்கள்கூட, எங்கள் கன் மட்டும் ஒழுகுதே, உன்னுது எப்படி ஒழுகலை என்று கேட்கிறார்கள். கம்பியை இழுத்துக் காட்டி, இது எங்கள் மதினி செய்த முறை என்று உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா?

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். வண்டியில் எது கெட்டாலும், என் கை செய்த தப்பை என் தப்பு என்றே சொல்வேன். இல்லாதவர் மேல், அதிலும் உங்கள் மேல், இனி ஒருநாளும் போட மாட்டேன்.

உங்கள் வண்டியில் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் நாத்தனார் செலின்