பெட்டிக்குச் சட்டை மாத்தின கதை

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றுதான் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் வீடும் தையல் கடையும் ஒரே கூடம், உன்னோடு நான் பேசினால் அவர் மிஷினை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்கிறார், போனை அவரிடம் நீட்டினால் மட்டும் மிஷின் கடகடவென்று ஓடுகிறது. இது அவர் காதில் விழக் கூடாத சமாச்சாரம்.

உன் கம்ப்யூட்டர் பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் காலிப் பெட்டி ஒன்றைக் காட்டி, கொண்டுவாங்க நானே மாத்தித் தரேன் என்றார். ஊருக்கே சட்டை தைக்கிறவன், இதுக்கு ஒரு சட்டை மாத்தத் தெரியாதா என்று உன் அப்பா பெட்டியை மட்டும் வாங்கிவந்துவிட்டார். உள்ளே ஒரு பச்சைப் பலகை, மதர்போர்டாம், அம்மா என்றால் அத்தனை ஒயரும் அவள் தலையில்தான் என்று அப்போதே புரிந்துகொண்டேன். அதன் ஓரத்தில் ஊசி ஊசியாக இரண்டு வரிசை, ஒரு இடத்தில் ஊசியே இல்லை, பல் விழுந்த பிள்ளை சிரிக்கிற மாதிரி. முகப்பில் இருக்கிற பட்டன், விளக்கு எல்லாவற்றின் ஒயரும் அங்கேதான் வந்து மாட்டுகிறது. இவர் என்ன செய்தார் தெரியுமா, எந்த ஊசியில் எந்த நிற ஒயரோ அந்த நிற நூலை அதில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கழற்றினார். நானே அசந்துபோனேன். புதுப் பெட்டியைத் திறந்தால் அத்தனை ஒயரும் கறுப்பு. மனுசன் முகத்தைப் பார்க்கணுமே. ஒயர் முனையில் எறும்பு சைஸில் ஏதோ எழுத்து, எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டல் குறி கழித்தல் குறி வேறு, எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து ஒருவழியாக மாட்டினார், பட்டனை அழுத்தினால் செத்த பாம்பு.

நூல் கட்டும்போது அரிசி அளவில் ஒரு நீல மூடி தெறித்து விழுந்ததும், மூன்று ஊசி நிற்கிற இடத்தில் ஏதோ இரண்டில் அவர் அதைச் செருகியதும் எனக்கு ஞாபகம். நேற்று அவர் சட்டைப் பட்டன் வாங்கப் போன நேரம், மூடியை ஒரு ஊசி தள்ளி மாட்டி அழுத்திப் பார்த்தேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் வருஷம் மட்டும் நீ முழுக்கால் சட்டை கேட்டு அழுத வருஷம். அவர் திரும்பி வருவதற்குள் ஒயரைப் பிடுங்கி, மூடியைப் பழையபடி அவர் மாட்டின இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். கடையில் உட்கார மாட்டேன் என்று நீ கிளம்பின நாளிலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனுசன், இப்போது விளக்கு வைக்கிற நேரத்தில் என்னிடம், "அவன் இந்நேரம் வேலை முடிச்சு வந்திருப்பானா?" என்கிறார். அப்படியென்றால் கூப்பிடுங்க என்றால், எனக்கென்ன வேற வேலையில்லையா என்று திரும்பிக்கொள்கிறார். ரிப்பேர் கடைக்காரர் வீடு தேடி வந்தும் பெட்டியைத் தொட விடவில்லை. பெட்டி ஓடிவிட்டால் உன்னோடு பேச அவருக்கு வேறு சாக்கு ஏது? இரண்டு பேரில் யாருக்கு வீம்பு அதிகம் என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

அதனால் நீயே அவரைக் கூப்பிடு, நான் எழுதினதாகச் சொல்லாதே. அந்த மூடியைத் தள்ளினால் பெட்டி பழசெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது, இவருக்கு அப்படி ஒன்று எங்கே வைத்திருக்கிறது என்று உனக்குத் தெரிந்தால் அதையும் சொல். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், பட்டன் அறுந்த சட்டைக்கு ஊக்கு குத்திக்கொண்டு திரியாதே, தையற்காரன் மகன் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்று மறக்காதே, எடுத்த எடுப்பில் நீல மூடியைச் சொல்லிவிடாதே. ஒயர் ஒவ்வொன்றாகக் கேள், நிதானமாகக் கேள், மூடியைக் கடைசியில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
எல்லா ஒயரையும் தலையில் தாங்குகிற
உன் அம்மா